ஸ்பே ராடும் சூசையின் படலும்

போன மாதம் ரேஷ்மா போன் செய்தாள். கடையில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

“பாக்கியம் சேச்சி, ஸ்பே ராடுக்கு எந்த சிங்க் டிப் கொடுக்கணும்?”

“ஆறு ஏது?” என்றேன்.

“ஆறா? இது ஆன்லைன் ஆர்டராக்கும் சேச்சி. ஆறு ஏதுன்னு அதுல இல்ல.”

“அப்ப கேளு. வெள்ளம் எந்த வேகத்துல போவுது, அடியில என்ன கெடக்குன்னு கேளு.”

“அதெல்லாம் கேட்டா கஸ்டமர் வேற கடைக்குப் போயிரும். இவிட ஒரு சார்ட் உண்டல்லோ. அது நோக்கிக் கொடுத்தா போராதா?”

போராது, போதவே போதாது என்றேன். சரி சேச்சி என்று போனை வைத்துவிட்டு சார்ட்டைப் பார்த்தே கொடுத்துவிட்டாள். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. அழகு பார்க்கிறவர்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

ஸ்பே ராடு என்பது இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற நீளத் தூண்டில் கம்பு. ஸ்காட்லாந்துக்காரர்களின் சாமான். சாதாரண ஃப்ளை ராடில் லைனை முதுகுக்குப் பின்னால் முழுக்க வீசி, பிறகு முன்னால் எறிய வேண்டும். பின்னால் தென்னை நின்றால் முள் ஓலையில் போய் மாட்டும். ஸ்பே ராடுக்குப் பின்னால் இடமே வேண்டாம். லைனின் நுனியைத் தண்ணீரில் ஒட்டவைத்து, அந்தப் பிடிமானத்தில் முன்னால் எறியலாம். இறகு கட்டிய முள்ளுக்கு எடை கிடையாது. எறிகிற எடை முழுவதும் லைனில்தான் இருக்கிறது. லைனின் முன்பக்கம் கனமான பாகத்துக்கு ஹெட் என்று பெயர். அதன் முனையில் மூழ்குகிற ஒரு துண்டை மாட்டுவோம். அதுதான் சிங்க் டிப். மீன் நிற்கிற ஆழத்துக்கு முள்ளை இறக்குவது அதன் வேலை.

விஷயம் இவ்வளவுதான். இதற்காக என் வாழ்நாளில் பாதி சண்டை போட்டிருக்கிறேன்.

நான் போனக்காட்டில் எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். கொழுந்து பறிக்க எனக்குப் பிடிக்கவில்லை. மலை இறங்கி திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு வலைக்கடையில் சேர்ந்தேன். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கினால் நடக்கிற தூரம். கிழிந்த வலை முடைந்தேன், கயிறு பின்னினேன், கையில் காய்ப்பு ஏறியது. தூண்டில் சாமான்கள் கடைக்கு வந்தபோது, முடிச்சுப் போடத் தெரிந்தவள் என்று என்னை உள்ளறையில் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

முதலாளி சிவதாணு அண்ணாச்சி, நாஞ்சில்நாட்டுக்காரர். வலையின் அடிவிளிம்பில் கட்டுகிற ஈயத்தைக் கிலோக் கணக்கில் நிறுத்து விற்ற குடும்பம். கனம் இருந்தால் தரம் இருக்கிறது என்று ரத்தத்தில் ஊறியவர். வெளிநாட்டு லைன் பெட்டிகள் அலமாரியில் ஏறிய பிறகும் ஊறினது ஊறினதுதான்.

ஆள் வந்தால் அண்ணாச்சி எழுந்து நிற்பார். “சாருக்கு என்ன தோணுது?” என்பார். சார் எதைச் சொன்னாலும், “அதேதான். நானும் அதத்தான் நெனச்சேன்” என்பார். பிறகு இருப்பதிலேயே கனமான டிப் சுருளை எடுத்து வந்தவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தன் கையால் மடக்கிவிடுவார். புருவம் ஏறினால் வியாபாரம் முடிந்தது. ஏறாத புருவத்தை நான் பார்த்ததில்லை. டங்ஸ்டன் பொடி கலந்த சாமான் அது, கட்டைவிரல் அளவுச் சுருளே கையை இழுக்கும். எந்த ஆறு, என்ன ஆழம் என்று ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வராது. கேள்வி கேட்டால் வந்தவருக்குத் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தெரிந்துவிடும், அது கச்சவடத்துக்கு, அதாவது வியாபாரத்துக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. நான் திரைக்குப் பின்னால் இருந்து அந்தக் கேள்வியைக் கேட்பேன். “பாக்கியம், நீ சும்மா கெட. ஒன் வாயத் தொறந்தா நான் கடைய அடைக்கணும்” என்பார்.

கடைக்கு முதல் ஸ்பே ராடைக் கொண்டுவந்தவர் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளாயணிக் காயல் பக்கம் வீடு. ராடில் எட்டு என்று எழுதியிருந்தது, எந்த எடை லைன் வேண்டும் என்பதற்கான எண். அண்ணாச்சி எட்டு என்று எழுதிய லைன் பெட்டியை எடுத்து நீட்டினார். எட்டுக்கு எட்டு, இருவருக்கும் சந்தோஷம். ஒரு கை ராடின் எட்டு வேறு, இரண்டு கை ராடின் எட்டு வேறு. இரண்டு கை எட்டுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே எடை வேண்டும். நான் திரைக்குள் இருந்து சொன்னேன். சும்மா கெட என்று பதில் வந்தது.

மறுவாரம் என்ஜினியர் வந்தார். “அண்ணாச்சி, காக்கா ஓட்டுற மாதிரில்லா இருக்கு. ராடு வளையவே மாட்டேங்கு” என்றார்.

“லேசா இருக்கோ? அப்ப நுனியில கொஞ்சம் ஈயம் கட்டிருவோம்” என்றார் அண்ணாச்சி. கட்டியும் கொடுத்தார். அந்த ஈயம் சுழன்று வந்து என்ஜினியரின் பிடரியில் அடித்தது. வீங்கின பிடரியோடு வந்து நின்றபோதுதான் திரை விலகியது.

சரியான எடையில் லைன் வரவழைத்தோம். அது குளிர்நாட்டு ஆறுகளுக்கென்று செய்தது. நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால் வெந்த சேமியாபோல் துவண்டு, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்ப நாட்டுக்கென்று விறைப்பான உள்நூல் வைத்த லைன்கள் தனியாக உண்டு. அதைச் சொல்லி வரவழைக்கச் சொன்னேன். அண்ணாச்சி என்ஜினியரிடம், “காலம்பற போங்க சார், குளிர்ச்சியா இருக்கும்” என்றார். திருவனந்தபுரத்தில் மேடமாதத்து, அதாவது சித்திரைக் காலைக் குளிர். அவர் நம்பிப் போனார், பாவம்.

அதற்குப் பிறகு என் வேலை இப்படி அமைந்தது. சாலையில் கடையைக் காலிசெய்த ஒரு நகை ஆசாரியின் தராசு எனக்குக் கிடைத்தது. வருகிற ஹெட் ஒவ்வொன்றையும் அதில் நிறுப்பேன். பெட்டியில் ஐந்நூற்றைம்பது கிரெயின் என்று இருந்தால் முப்பத்தைந்தரை கிராம் வரவேண்டும். பெட்டி எல்லா நேரமும் உண்மை சொல்லாது. ராடை வாங்கி, கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கிற எடை வரம்பைப் படிப்பேன். பழைய ராடில் அது அழிந்திருக்கும். அப்போது கடைக்குப் பின்பக்கச் சந்தில் நின்று ஆட்டிப் பார்ப்பேன். நுனி மட்டும் வளைகிறதா, நடுவரை வளைகிறதா என்று பார்ப்பேன். தள்ளுவண்டிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், நானும் திட்டுவேன்.

பின்பக்கம் நெருக்கமாக மரம் இருக்கிற கரைக்கு, அதுவும் மூழ்குகிற டிப் போடவேண்டும் என்றால், குட்டையான கனத்த ஹெட். இடம் இருக்கிற கரை, மேல்மட்டத்து மீன் என்றால் நீளமான லேசான ஹெட். இதில் குழப்பம் இல்லை. குழப்பம் எல்லாம் டிப்பில்தான். டிப் கயிறு சுருளாக வரும். ஓர் அடிக்கு எட்டு கிரெயின், பதினொன்று, பதினான்கு என்று. எண் கூடினால் வேகமாக மூழ்கும். உடனே எல்லாரும் பதினான்கைக் கேட்பார்கள். ஆழம் என்ன என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவார்கள். ஆழத்தைவிட ஓட்டம் முக்கியம். ஓட்டம் மெதுவான ஆழக் கயத்தில் லேசான டிப்பே அடியைத் தொடும். வேகமான இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில்கூடக் கனத்த டிப் தேவைப்படும். அதைவிட முக்கியம் அடியில் என்ன கிடக்கிறது என்பது. சார்ட்டில் அதற்கு இடம் இல்லை.

சூசையின் விவகாரத்தை இதற்காகத்தான் சொல்லப்போகிறேன்.

பூவாறு பொழியில், அதாவது ஆறு கடலில் சேருகிற வாய்ப்பக்கத்தில், சூசை என்ற தோணிக்காரர் இருந்தார். இளமையில் கடலுக்குப் போனவர். வலை இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. கடல் முடிந்தது, ஆறுதான் மிச்சம். அங்கே ஒரு ரிசார்ட் வெளிநாட்டு விருந்தாளிகளுக்குத் தூண்டில் காட்டும் ஏற்பாட்டை ஆரம்பித்தது. மேனேஜர் சஜீவ் என்று ஓர் ஆள், கொச்சிக்காரர். ஒரு ஸ்பே ராடை வாங்கி, கூட்டிப்போகும் வேலையை ஒரு மாதம் பரீட்சையாக சூசைக்குக் கொடுத்தார். சரிப்படாவிட்டால் ஸ்பீடு போட் வைத்திருக்கிற இன்னொருவனுக்குப் போகும். போனால் சூசைக்கு இருப்பது மருமகன் பார்த்து வைத்திருந்த வேலை, நகரத்தில் ஒரு ஃபிளாட்டுக்குக் காவல்.

“கேட்டு தொறந்து சல்யூட் அடிக்கணுமாம் அக்கா,” என்றார் என்னிடம். “தோளுதான் மேல பொங்காதே, எப்படி அடிக்க?”

அவர் இடம் நல்ல இடம். ஒரு துண்டு மணல் கரை, பின்னால் தென்னையும் தாழையும் நெருக்கமாக நிற்கும். முன்னால் கடல் ஓதம் இறங்கும்போது தண்ணீர் பிடித்து இழுக்கிற சால், ஆற்றுக்குள்ளேயே ஓர் ஆழமான ஓடை. அதில் காளாஞ்சி நிற்கும், தமிழ்நாட்டில் கொடுவா என்கிற மீன். ஸ்பே ராடுக்கென்றே செய்து வைத்ததுபோல ஒரு கரை. சஜீவ் கடைக்கு வந்து பதினான்கு கேட்டார். அண்ணாச்சி அதேதான் என்று விரலை மடக்கினார்.

முதல் வாரமே டிப் அறுந்தது. சூசை வந்தார். வேறு கட்டினேன். அதுவும் போனது. மூன்றாவதும் போனபோது சஜீவ் போனில் சொன்னார்: “சேச்சி, இனி ஒரு டிப்பும் கூடப் போயால் சூசையுடெ காரியம் கழிஞ்ஞு.” இன்னொன்று போனால் சூசையின் வேலையும் போச்சு என்று அர்த்தம்.

“அடியில என்ன கெடக்கு?” என்று ஒவ்வொரு தடவையும் சூசையைக் கேட்டேன்.

“மணலு அக்கா.”

மணலில் டிப் அறுகிறது என்றால் மணலுக்குப் பல் முளைத்திருக்க வேண்டும். மூன்றாவது டிப்பின் அறுந்த முனையை வாங்கிப் பார்த்தேன். கறுத்த பிசின் ஒட்டியிருந்தது, மரப்பட்டையின் துணுக்கும். முகர்ந்தேன். கொல்லாமரம், முந்திரி.

“ஓய், படல் போட்டிருக்கீரா?”

அவர் திரையை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தார். கடையில் யாரும் இல்லை. “பைய பேசுங்க” என்றார்.

படல் என்றால், கிளைகளை வெட்டிக் கட்டி ஆற்றின் அடியில் தாழ்த்திப் போடுவது. பாசி பிடிக்கும், சின்ன மீன் ஒண்டும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். காளாஞ்சி அங்கே நிற்பதற்குக் காரணமே சூசையின் கொல்லாங்கொம்புகள். அந்தப் பக்கத்தில் படல் போட்டவன் இடத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். தெரிந்தால் விடிவதற்குள் வலை சுற்றிவிடுவார்கள். சரி, பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டாம். டிப் கட்டுகிறவளிடம் சொல்லக் கூடாதா?

“உங்ககிட்ட சொன்னா அண்ணாச்சிக்குத் தெரியும். அண்ணாச்சிட்ட கயிறு வாங்க எங்க ஊரே வருது” என்றார் சூசை.

கொம்பு கிடக்கிற இடத்தில் டிப் முழுக்க மூழ்கினால் தொய்ந்துபோய் நடுவில் மாட்டும். லேசான டிப் போட்டால் அந்த ஓட்டத்தில் முள் மேலேயே போய்விடும். எனக்குத் தோன்றியது இதுதான்: டிப்பில் ஹெட் பக்கத்துப் பாதி மிதக்கவேண்டும், முன்பாதி மட்டும் மூழ்கவேண்டும். அப்போது முன்பாதி சரிவாக இறங்கி, படலுக்கு மேலாகவே முள்ளைக் கொண்டுபோகும். மொத்த நீளம் பழையபடியே இருந்தால் எறிகிறவர் கையும் குழம்பாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, வெளிநாட்டில் இப்படி விற்கிறார்கள். நம் அலமாரியில் இல்லை, ஏனென்றால் கையில் வைத்தால் புருவம் ஏறாது.

பழைய மிதக்கும் லைனிலிருந்து ஒரு துண்டு, பதினொன்றில் ஒரு துண்டு. இரண்டின் முனையையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து, நைலான் நூலை நெருக்கிச் சுற்றினேன். சுற்று தளர்ந்தால் அங்கே மடங்கும், இறுகினால் உள்நூலை அறுக்கும். வலைக்கயிற்றுக்கு முனைகட்டிய கை என்பதால் அந்த அளவு எனக்குத் தெரியும். மேலே ரப்பர் பசையை மெல்லிசாகத் தடவி ஒரு நாள் காயவிட்டேன்.

பரீட்சையின் கடைசி விருந்தாளியாக ஸ்காட்லாந்திலிருந்தே ஒரு மதாம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். சின்னதிலிருந்தே இந்த ராடு பிடித்தவராம். சஜீவுக்கு நடுக்கம். கடையிலிருந்து டெக்னீஷியனை அனுப்பச் சொன்னார். டெக்னீஷியன் நான்தான். ஒரு பிளாஸ்டிக் பையில் டிப்புகளோடு பூவாறு பஸ்ஸில் போய் இறங்கினேன்.

மதாம்மா பின்னால் தென்னைகளைப் பார்த்தார். கிடந்த ஒரு தேங்காய் மட்டையை எடுத்து ஆற்றில் எறிந்து, அது போகிற வேகத்தைப் பார்த்தார். பிறகு சஜீவிடம் ஏதோ கேட்டார்.

“சூசே, அடியில் எந்தாணென்னு சோதிக்குன்னு” என்றார் சஜீவ். அடியில் என்ன கிடக்கிறது என்று கேட்கிறாராம்.

இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் இதைக் கேட்டு நான் கேட்டது அன்றுதான்.

கரையில் வலைக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்து நின்றார்கள். சூசை அவர்களைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். “மணலாக்கும் சாரே. வெறும் மணலு” என்றார்.

மதாம்மா தலையாட்டிவிட்டுப் பதினான்கை எடுத்தார். மணல், இந்த ஓட்டம் என்றால் அதுதான் சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் எடுப்பேன். அவர் அதை ஹெட்டில் மாட்டுகிறார். முதல் வீச்சிலேயே அறுந்துபோகும், சஜீவ் போனை எடுப்பார், சூசை போய் கேட்டு திறப்பார். நான் வாயைத் திறந்தால் வலைக்காரர்கள் காதில் விழும். சூசை என்னைப் பார்க்கவே இல்லை.

நான் சொல்லிவிட்டேன். “மணல் இல்ல சாரே. அடியில கொல்லாங்கொம்பு தாழ்த்திப் போட்டிருக்கு. இதை மாட்டச் சொல்லுங்க” என்று பாதி மிதக்கும் டிப்பை நீட்டினேன்.

சூசை சத்தம் போடவில்லை. “அக்கா, நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?” என்றார்.

சஜீவ் மொழிபெயர்த்ததைக் கேட்டு மதாம்மா சிரித்தார். அவர் ஊரிலும் நல்ல இடத்தை யாரும் சொல்லமாட்டார்களாம். டிப்பை மாற்றினார். ராடைத் தூக்கி, லைனை ஒரு பக்கம் இழுத்து, தண்ணீரில் ஒட்டவைத்து, இரண்டு கையாலும் தள்ளினார். தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. லைன் சாலுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. நான் வருஷக்கணக்காக நிறுத்துக் கொடுத்த சாமான் என்ன செய்யும் என்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். வெள்ளாயணி என்ஜினியர் செய்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிப் கொம்பில் மாட்டவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு காளாஞ்சி வந்தது. மதாம்மா அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரில் விட்டுவிட்டார்.

“விட்டுட்டாளா?” என்றான் வலைக்காரன் ஒருவன்.

“கிறுக்கு பிடிச்சிருக்குடே,” என்றான் மற்றவன். “நாம பிடிச்சா விடுவோமா?”

விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் படலைச் சுற்றி வலை போட்டு மொத்தத்தையும் வாரிவிட்டார்கள். கொம்புகளைக்கூட விறகுக்கு எடுத்துக்கொண்டதாகக் கேள்வி. சஜீவ் அதற்கு முன்பே சூசைக்கு வேலையை உறுதியாக்கிவிட்டார். ஆக, மீன் இருந்தபோது வேலை இல்லை, வேலை வந்தபோது மீன் இல்லை.

ரிசார்ட்டுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. விருந்தாளிகள் வருகிறார்கள், வெறும் தண்ணீரில் எறிகிறார்கள், படம் எடுக்கிறார்கள், இளநீர் குடிக்கிறார்கள். “அவர்க்கு எறிஞ்ஞால் மதி சேச்சி, மீனொன்னும் வேண்டா” என்றார் சஜீவ். எறிந்தாலே போதுமாம். சூசைக்குத்தான் அது பொறுக்கவில்லை. மீன் இல்லாத இடத்துக்கு ஆளைக் கூட்டிப்போவது ஏமாற்று என்று அவர் நினைத்தார். மழைக்காலம் முழுவதும் என்னோடு பேசவில்லை. நான் செய்தது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. மறுபடி அந்தக் கரையில் நிறுத்தினால் அதையேதான் செய்வேன். அவர் பேசாததிலும் தப்பு இல்லை.

மழை விட்டபின் ஒருநாள் கடைக்கு வந்தார். திரைப்பக்கம் வராமல் அண்ணாச்சியிடம் நின்றார். “ஒரு டிப் வேணும் அண்ணாச்சி.”

“உமக்கு என்ன தோணுது?” என்றார் அண்ணாச்சி.

“எனக்கு ஒண்ணும் தோணல. உள்ள இருக்கிற ஆளுக்கு என்ன தோணுதுன்னு கேளுங்க.”

“அடியில என்ன கெடக்குன்னு அவருகிட்ட கேளுங்க அண்ணாச்சி” என்றேன் உள்ளிருந்து.

“அது சொல்ல ஒக்காது, முடியாதுன்னு சொல்லுங்க” என்றார் சூசை.

அண்ணாச்சி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். இரண்டு பேரிடமும் அதேதான் என்று சொல்ல முடியாத நிலைமை அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. நான் மூன்று டிப் கட்டினேன். லேசானது ஒன்று, கனத்தது ஒன்று, பாதி மிதப்பது ஒன்று. “மூணையும் எறிஞ்சு பாக்கச் சொல்லுங்க. எது மீனோட திரும்பி வருதோ அத எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

இரண்டு வாரம் கழித்து வந்தார். இந்தத் தடவை நேராக உள்ளறைக்கு வந்து, பாதி மிதக்கும் டிப்பை என் மேசையில் வைத்தார். “இதுபோல ரெண்டு வேணும் அக்கா.”

நூல் சுற்று ஒரு இடத்தில் நைந்திருந்தது. மற்றபடி நல்லபடியாக இருந்தது. கட்டிக் கொடுத்தேன். அவர் போனார்.

அவர் படி இறங்கின கையோடு, வெளியே கயிறு நிறுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். அன்று கரையில் நின்றவர்களில் ஒருவன்.

“அக்கா, சூசையண்ணன் புதுசா எங்கயோ கூட்டிட்டுப் போறாராமே. அந்த எடத்துல அடியில என்ன கெடக்கு?”

“மணலு” என்றேன்.

“வெறும் மணலா?”

“வெறும் மணலு.”